திங்கட்கிழமையும் திரும்பாத குரல்

பதினான்கு ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திவரும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: முன்பெல்லாம் வியாழன், வெள்ளிக்கிழமைகளில் தொண்டை கட்டிக்கொள்ளும், சனி, ஞாயிறு அதிகம் பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை குரல் திரும்பிவிடும், இப்போது இரண்டு மாதங்களாகத் திங்கட்கிழமை காலை வருகைப் பதிவு எடுக்கும்போதே கரகரக்கிறது, மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம், உப்புநீர்க் கொப்பளிப்பு எல்லாம் பார்த்தாயிற்று, என் தொண்டை பலவீனமானதா, இல்லை இது வேறு ஏதாவதா?

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று உங்கள் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சளியோடு வரும் கம்மல் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் அடங்கிவிடும். நான்கு வாரங்கள் கடந்தும் தெளியாத குரலுக்கு, குரல்வளையைக் கண்ணால் பார்க்காமல் மருந்து மாற்றி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி. பார்க்காமலேயே ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு, வயிற்று அமிலத்துக்கான மாத்திரை ஆகியவற்றை வழக்கமாக எழுதித் தருவதையும் அது ஏற்கவில்லை. நம் ஊரில் தொண்டை கட்டியது என்று போகிறவர்கள் பெரும்பாலும் இம்மூன்றோடுதான் திரும்பி வருகிறார்கள் என்பது வேறு கதை. மூக்கு வழியாக விடும் மெல்லிய குழாய்க் கேமரா உள்ளே இருப்பது ஓரிரு நிமிடங்கள்தான். சற்று உறுத்தலாக இருக்கும், வலி இருக்காது. விழுங்கும்போது வலி, எச்சிலில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் கட்டி, மூச்சு விடும்போது இரைச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஒருமுறை பலமாகக் கத்தியவுடன் திடீரென்று குரல் அடியோடு போய்விட்டால் அது குரல்நாணுக்குள் இரத்தம் கசிந்ததாக இருக்கலாம். அன்றைக்கே பேச்சை முற்றிலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அஞ்சத்தக்க நோய் எதுவும் இருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் நினைக்கிறேன். இருபது ஆண்டுகளாகக் குரல் சிகிச்சைப் பணியில் இருக்கும் என்னிடம், வாரக் கடைசியில் கட்டி, வார முதலில் தெளிந்து, பிறகு ஒரு கட்டத்தில் தெளியாமலே போன குரலோடு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசிரியைகள். அவர்களில் பலருக்கு இருந்தது குரல்நாண் முடிச்சு. சிலருக்கு வீக்கம் மட்டும். அதனால்தான் "என் தொண்டை பலவீனமா" என்னும் உங்கள் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. குரல்நாண் செய்யும் வேலையின் அளவைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்களும் பெண்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமே உள்ள தசை மடிப்புகள்; ஆண்களுக்கு அதைவிட நீளமும் தடிமனும் கூடுதல். சாதாரணமாகப் பேசும்போது பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. வகுப்பில் குரலை உயர்த்தும்போது அது 250ஐத் தொடும். ஆறு மணி நேரப் பள்ளி நாளில் உங்கள் தொண்டையிலிருந்து உண்மையில் ஒலி எழும் நேரம் கால்பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். அது 5,400 நொடி. பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மோதல்கள். ஆணின் குரல்நாண் இதில் ஏறத்தாழப் பாதி அளவே மோதுகிறது என்பதால்தான், அதே வேலையைச் செய்யும் ஆண் ஆசிரியரைவிட ஆசிரியைகளின் குரல் விரைவில் தேய்கிறது. மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவதுபோல, இரு நாண்களும் மிக வேகமாக மோதும் நடுப்பகுதியில், இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தடித்துப்போவதுதான் முடிச்சு. அது இருக்கும் இடத்தில் நாண்கள் முழுதாகச் சேராமல் இடுக்கு வழியே காற்று கசியும். அந்தக் காற்றுத்தான் உங்கள் கரகரப்பு. கசிவை ஈடுகட்ட நீங்கள் கழுத்தை இறுக்கி அழுத்திப் பேசுவீர்கள். அந்த அழுத்தம் முடிச்சை மேலும் வளர்க்கும்.

2004இல் அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களையும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் பிற தொழில் செய்வோரையும் ஒப்பிட்டு வெளியான ஆய்வில், வாழ்நாளில் எப்போதேனும் குரல் கோளாறு வந்ததாகச் சொன்னவர்கள் ஆசிரியர்களில் 57.7 விழுக்காடு, மற்றவர்களில் 28.8 விழுக்காடு. இரு மடங்கு. அங்கே வகுப்புக்கு இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் என்பதையும், கதவை மூடினால் வெளிச் சத்தம் பெரும்பாலும் உள்ளே வராது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இனி, வீட்டு வைத்தியம். மிளகையும் பனங்கற்கண்டையும் நான் குறை சொல்ல வரவில்லை. தொண்டைக்கு இதமாக இருந்தால் சாப்பிடுங்கள். ஆனால் நீங்கள் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் கணத்தில் குரல்வளை மூடிக்கொள்கிறது. உணவும் நீரும் அதற்குப் பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குள் போகின்றன. ஒரு சொட்டு வழி தவறிக் குரல்நாண் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்: புரையேறும். ஆகவே, கஷாயம் தொண்டையின் பின்சுவரை நனைத்துவிட்டுப் போகிறது, அவ்வளவே. கொப்பளிக்கும் நீரும் அங்கேயே நின்றுவிடும். குரல்நாண் வரை நேரடியாகப் போகக்கூடியது நீராவி ஒன்றுதான். அதைத் தைலம் சேர்க்காமல் வெறும் ஆவியாகப் பிடியுங்கள். தண்ணீர் குடிப்பதும் உடல் முழுக்க ஈரம் சேர்வதன் வழியாகச் சில மணி நேரம் கழித்துத்தான் குரலுக்கு உதவும். பாடவேளையின் நடுவில் ஒரு மடக்குக் குடித்தால் வாய் வறட்சி போகும், செருமத் தோன்றுவது குறையும். அதற்காகவே பாட்டிலை மேசையில் வைத்திருக்கலாம். கழிப்பறை வசதி சரியில்லாத பள்ளிகளில் ஆசிரியைகள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். அது அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம் அன்று, பள்ளி திருத்த வேண்டிய குறை. அதிமதுரத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் வாரக்கணக்கில் எடுத்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

செருமுவதை இயன்ற அளவு விடுங்கள். ஒவ்வொரு செருமலும் இரண்டு நாண்களையும் பிடித்து அறைவதற்குச் சமம். எச்சிலை விழுங்குங்கள் அல்லது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். குரல் போன அன்று கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கிசுகிசுப்பதற்குப் பலர் கழுத்தை இறுக்குகிறார்கள் என்பதால் அது ஓய்வாக அமைவதில்லை. தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி இயல்பாகப் பேசுவதே மேல்.

இவையெல்லாம் ஓரத்தில் நடக்கும் வேலைகள். நடுவில் இருப்பது உங்கள் வகுப்பறை. 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார் கவனித்துச் சொன்னது இது: சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதன் தன்னை அறியாமலேயே குரலை உயர்த்துகிறான். அடக்க வேண்டும் என்று நினைத்தாலும் எளிதில் அடங்காத அனிச்சைச் செயல் அது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுப்பறைக்குப் பரிந்துரைத்த பின்னணி இரைச்சல் 35 டெசிபல். ஆசிரியரின் குரல் அந்த இரைச்சலைவிட 15 டெசிபல் அளவுக்கு மேலே இருந்தால்தான் சிறு பிள்ளைகள் சொற்களைப் பிழையின்றிக் கேட்பார்கள். பழைய மின்விசிறி இரண்டு ஓடும், சன்னல் வழியே பேருந்து ஹாரன் வரும், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் ஓர் அறையில் 60 டெசிபல் என்பது அதிசயம் அன்று. அப்படியானால் நீங்கள் எட்ட வேண்டியது 75. கத்தாமல் அதை ஆறு மணி நேரம் எட்டுவது ஆகாத காரியம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் போயிருந்தேன். நீளமான ஒரே கூடம். நடுவே தலைக்கு மேல் வராத ஒரு தட்டி. இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. மேலே தகரக் கூரை. இரண்டு ஆசிரியைகளும் நல்ல தோழிகள். ஆனால் ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவர் உயர்த்தியே ஆக வேண்டும். அவர் உயர்த்தினால் இவர் மேலும் உயர்த்துவார். பத்து நிமிடத்தில் இருவருமே கத்திக்கொண்டிருந்தார்கள். இருவருக்குமே அது தெரியவில்லை. மழை வந்தபோதுதான் வேடிக்கை: கூரை முழங்கியது, இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை எழுதச் சொன்னார்கள். அந்த வாரத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே குரல் ஓய்வு அதுவாகத்தான் இருந்திருக்கும். நான் அங்கே சொன்னது ஒன்றே ஒன்று. ஒருவர் வாய்மொழிப் பாடம் நடத்தும் வேளையில் மற்றவர் எழுத்து வேலை தரும்படி இருவரும் கால அட்டவணையை ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள் என்றேன். காசு செலவில்லாத மாற்றம் அது.

உங்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன்: பேசும் பாடவேளைகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். உரக்க வாசிக்கும் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட 86 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு மணி நேரம் வாசித்த களைப்பிலிருந்து குரல் பெருமளவு தேறி வருவதற்கு 12 முதல் 18 மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரத்துக்கே அப்படி. பள்ளி விட்டதும் டியூஷன், வீட்டில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அம்மாவோடு பேச்சு, காலை ஒன்பதே காலுக்கு மைதானத்தில் காலை வணக்கக் கூட்டம் என்றால், குரலுக்குக் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை பட்ட கடன் தீராமலே புதன்கிழமை கடன் ஏறுகிறது. வியாழக்கிழமை தொண்டை கட்டுவது அதனால்தான்.

அடுத்தது ஒலிபெருக்கி. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு பெட்டியும் காதோரம் மாட்டும் மைக்குமாக இப்போது ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. குரல் கெட்டிருந்த 44 ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆறு வாரம் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2002இல் வந்தது. ஒரு குழுவுக்கு மைக், இன்னொரு குழுவுக்குத் தண்ணீர் குடி, கத்தாதே என்னும் வகை அறிவுரை, மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. தெளிவான முன்னேற்றம் தெரிந்தது மைக் குழுவில். எதுவும் தரப்படாதவர்களின் நிலை மேலும் மோசமானது. அறிவுரை சொல்லியே பிழைக்கும் எங்கள் தொழிலுக்கு இது சற்றுக் கசப்பான முடிவுதான், ஆனாலும் நான் நேரில் பார்ப்பதும் அதுவே. மைக் வாய்க்கு மூன்று நான்கு விரற்கடை தள்ளி, ஓரமாக இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் மூச்சு இரையும். மைக் மாட்டியபின் பழைய சத்தத்திலேயே பேசினால் பயன் இல்லை. வீட்டுக் கூடத்தில் பேசும் அளவுக்குக் குரலை இறக்கிவிட்டு, மீதியைப் பெட்டிக்கு விட்டுவிட வேண்டும். "மைக் இல்லாமல் வகுப்பை அடக்கத் தெரியாதா" என்று கேலி செய்யும் சக ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோமே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிள்ளைகளை அமைதிப்படுத்தக் குரலைப் பயன்படுத்தாதீர்கள். கைதட்டும் தாளம், சிறு மணி, கை உயர்த்தினால் எல்லோரும் உயர்த்துவது என ஏதேனும் ஒன்றை ஜூன் மாதத்திலேயே பழக்கிவிட்டால் மார்ச் வரை உதவும். சொல்ல வேண்டியவரின் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். தொலைவு பாதியானால் ஏறத்தாழ 6 டெசிபல் மிச்சம். 2007இல் தமிழ்நாடு முழுவதும் செயல்வழிக் கற்றல் வந்து, ஆசிரியைகள் பாயில் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்த நாட்களில், அந்த முறையின் கல்விப் பயன் பற்றி எவ்வளவோ வாதம் நடந்தது. குரலுக்கு அது நல்லது என்று யாரும் பேசியதாக நினைவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவதையும் விட்டுவிடுங்கள். குரல் சுவருக்குப் போகிறது, சாக்பீஸ் தூள் உங்களுக்கு வருகிறது. டஸ்டரைவிட ஈரத்துணி நல்லது.

வாய்ப்பாட்டையும் பாட்டையும் பிள்ளைகளில் ஒருவர் முன்னின்று சொல்ல, மற்றவர்கள் பின்தொடரட்டும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அதுதான். சென்னையில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, அது அங்கே 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. அவர் எண்ணியது ஆசிரியர் பற்றாக்குறையையும் செலவையும். ஆசிரியரின் தொண்டையை அன்று. எனினும் ஒரே குரல் நாள் முழுதும் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை என்பதை நம் பழைய பள்ளிக்கூடங்கள் அறிந்திருந்தன.

பயிற்சி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒழுங்காகச் செய்தால் அதுவே போதும். ஒரு தம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மூழ்கவிட்டு, உதட்டை இறுக்கமாகப் பொருத்தி, "ஊ" என்று மெல்லிய ஒலியோடு ஊதுங்கள். வெறும் காற்றாக இல்லாமல் குரலோடு குமிழி வர வேண்டும். மூக்கு வழியே காற்று கசியக் கூடாது. மூக்கைப் பிடித்துப் பாருங்கள், ஒலி மாறாவிட்டால் சரி. பிறகு அதே "ஊ"வைத் தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே ஏற்றி இறக்குங்கள். சிறுவயதில் பப்பாளிக் காம்பை வாயில் வைத்து ஊதியவர்களுக்கு இந்த உணர்வு உடனே பிடிபடும். குழாய்க்குள் தேங்கும் காற்றின் எதிரழுத்தம் குரல்நாண்களைச் சற்று விலக்கிவைத்து, மோதலை மென்மையாக்குகிறது. குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சே இதைப் பரவலாக்கினார். காலையில் கிளம்பும் முன் மூன்று நிமிடம், மதிய உணவுக்குப் பின் இரண்டு நிமிடம், பள்ளி விட்டதும் இரண்டு நிமிடம். ஆசிரியர் அறையில் குமிழி விட வெட்கமாக இருந்தால், பேருந்து ஓட்டும் குழந்தைபோல உதட்டை அதிரவிட்டு "டுர்ர்ர்" என்று செய்தாலும் ஏறத்தாழ அதே பயன்.

மருத்துவர் முடிச்சு என்று சொன்னால் உடனே அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துவிடாதீர்கள். முடிச்சுக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சியே. பல முடிச்சுகள் சில வாரப் பயிற்சியிலும் சுமை குறைப்பிலும் சுருங்கிவிடும். பேசும் முறையும் வகுப்பறையும் மாறாமல் வெட்டி எடுத்தால் அதே இடத்தில் மீண்டும் வரும். ஒரு பக்கம் மட்டும் வரும் பாலிப் என்னும் சதை வளர்ச்சி, நீர்க்கட்டி போன்றவற்றுக்குக் கத்தி தேவைப்படலாம். பயிற்சிக்குப் பேச்சு மொழி சிகிச்சையாளரைத் தேடும்போது அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போலந்தில் ஆசிரியர்களின் நாள்பட்ட குரல் நோய்கள் சட்டப்படி தொழில் நோய்களாக ஏற்கப்பட்டவை. நம் நாட்டில் இழப்பீட்டுக்கான சட்டப்படியான தொழில் நோய்ப் பட்டியலில் ஈயமும் ஆஸ்பெஸ்டாசும் உண்டு, குரல் இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது; 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலம் அமைக்க இடம் தந்து, அங்கே பகலில் 50 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இந்த இரண்டும் நடைமுறைக்கு வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும். ஆசிரியர் சங்கங்கள் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தரும் அழுத்தத்தில் சிறிதளவு இதற்கும் தரலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். கரகரத்த குரலில் கேட்ட பகுதியைப் பிள்ளைகள் தெளிந்த குரலில் கேட்டதைவிடக் குறைவாகவே புரிந்துகொள்கிறார்கள் என்று 2005இல் வந்த ஆய்வொன்று காட்டியிருப்பதால், இது பிள்ளைகளின் பிரச்சினையும்தான்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். திங்கள் காலை எழுந்து அரை மணி கழித்து, புதன் மதியம், வியாழன் பள்ளி விட்டதும் என்று மூன்று முறை, பாடநூலின் ஒரே பத்தியை வாசித்துக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு தாலாட்டின் முதல் வரியை, தூங்கும் குழந்தை விழிக்காத அளவு மெதுவாகவும், உங்களால் ஏற முடிந்த உயர்ந்த சுருதியிலும் பாடிப் பதியுங்கள். நாண்களில் வீக்கம் இருந்தால் அந்த மெல்லிய உயர் சுருதியில்தான் குரல் முதலில் உடையும், அல்லது ஒலி கிளம்பவே தாமதிக்கும். அரசு மருத்துவமனைகளில் புறநோயாளர் பிரிவு பெரும்பாலும் காலையில்தான் என்பதால், நாலு நாள் உழைத்த தொண்டையோடு வெள்ளிக்கிழமை காலை அரைநாள் விடுப்பில் போங்கள். விடுமுறையில் ஓய்வெடுத்துத் தெளிந்த குரலோடு போனால், அவர் பார்க்க வேண்டிய வீக்கம் பாதி வடிந்திருக்கும்.